மட்டை பிடிக்காதவர்

சின்னண்ணா,

உங்கள் கல்வெட்டின் முதற்படி அச்சகத்திலிருந்து வந்திருக்கிறது. நீங்கள் காலமான முப்பத்தோராம் நாள் சாப்பிட்டு எழும்புகிறவர்களின் கையில் கொடுக்கும் அந்தச் சிறு புத்தகத்தைச் சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்திருக்கிறேன். புது மையின் மணம் வீடு முழுதும் நிற்கிறது. வெளியே உறைபனி, யன்னலைத் திறக்க முடியாது. அட்டையில் உங்கள் படம், குடியுரிமைக்காக எடுத்தது. அசையக் கூடாது என்று யாரோ சொன்னதுபோல நேரே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். படத்தின் கீழே தடித்த எழுத்தில் இப்படி இருக்கிறது: ‘இலங்கை அணியின் முன்னாள் துடுப்பாட்ட வீரர்’.

வெள்ளிக்கிழமைக்குள் திருத்தி அனுப்ப வேண்டுமாம். சிவப்புப் பேனாவை எடுத்து வைத்துக்கொண்டு நெடுநேரமாக இருக்கிறேன். நீங்கள் கிரிக்கெட் வீரர் அல்ல, றக்பி விளையாடியவர் என்பதை இந்த நகரத்தில் அறிந்தவர்கள் நானும் உங்கள் மனைவியான மச்சாளும்தான். அவரைக் கேட்டேன். “சனம் அப்பிடித்தானே நினைச்சிருக்கு மச்சாள். அவரும் பேசாமல்தானே இருந்தவர். இனி ஏன் மாத்துவான்?” என்றார். பிறகு, “நீங்கள்தானே படிச்சனீங்கள், நீங்களே பாருங்கோ” என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

பிழையைக் கண்டால் அடித்துத் திருத்துவதுதான் என் வேலை. ஆய்வுகூடத்தில் தண்ணீரைப் பரிசோதித்து, உள்ளதை உள்ளபடி எழுதிக் கையெழுத்து வைக்கிறவள் நான். இந்த ஒரு சொல்லை அடிப்பதற்குக் கை வராதது ஏனென்று உங்களுக்குத் தெரியும்.

கண்டியில் எங்கள் வீட்டில் எல்லோரும் ஏதோ ஒன்றை அடித்தார்கள், உதைத்தார்கள், எறிந்தார்கள். அப்பா ரயில்வேக்கு ஹொக்கி விளையாடியவர். அம்மா கல்யாணம் ஆகும்வரை வலைப்பந்து. பெரியண்ணாதான் கிரிக்கெட். இரவுச் சாப்பாட்டில் சோற்றைவிட ஸ்கோர்தான் அதிகம் பரிமாறப்படும். நான் ஒருத்திதான் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பேன். “இதைத் தத்தெடுத்தது ஆர்?” என்று அப்பா கேட்பார். “ஆஸ்பத்திரியில மாறிப்போச்சு” என்று பெரியண்ணா சொல்வார். நீங்கள் மட்டும் என் சாப்பாட்டுக் கோப்பையில் இன்னொரு மீன்துண்டை வைத்து, “புரொபெசர் சாப்பிடட்டும்” என்பீர்கள்.

அந்த வீட்டில் நீங்கள்தான் குள்ளம். உந்த உயரத்துக்கு எந்த விளையாட்டு என்று அப்பாவுக்கே கவலை இருந்தது. பள்ளிக்கூடத்தில் உங்களை ஸ்க்ரம்மின் பின்னால் நிறுத்தினார்கள். ஹாஃப்பாக் என்றார்கள். எனக்கு அது முதலில் ஒரு ஏளனப் பெயராகத்தான் பட்டது. பாதி ஆள் என்று.

குடைபிடித்துக்கொண்டு, மடியில் புத்தகத்தோடு, உங்கள் பள்ளி ஆட்டங்கள் சிலவற்றுக்கு வந்திருக்கிறேன். இந்தப் பக்கம் எட்டுப் பேர், அந்தப் பக்கம் எட்டுப் பேர், தலைகளைக் கோத்துக்கொண்டு தள்ளுவார்கள், அதுதான் ஸ்க்ரம். அந்தக் கால்களுக்குள் பந்து எங்கோ கிடக்கும். நீங்கள் பின்னால் குந்திக்கொண்டு காத்திருப்பீர்கள். பந்து வெளியே வந்ததும் நிமிராமலே அள்ளி, யாருக்கோ எறிவீர்கள். பிறகு அந்த யாரோ ஓடுவார், சனம் எழும்பும், கத்தும். நீங்கள் அப்போது மண்ணில் கிடப்பீர்கள், உங்களுக்கு மேல் இன்னொருத்தன் கிடப்பான். “எல்லாம் மற்றவனுக்காக எண்டால், உங்களுக்கு அதில என்ன இருக்கு?” என்று ஒருநாள் கேட்டேன். “எனக்குப் பந்து மற்ற எல்லாரையும்விடக் கூடத்தரம் கைக்கு வருது. அது காணாதோ?” என்றீர்கள்.

நீங்கள் நாட்டுக்கு விளையாடத் தொடங்கியபோது நான் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இரசாயனக் கூடத்தில் இருந்தேன். தாய்லாந்து, சிங்கப்பூர், தாய்வான் என்று போய்வந்தீர்கள். ஒரு ஆட்டத்தையும் நான் பார்க்கவில்லை. பத்திரிகையில் படிப்பேன். புள்ளி எடுத்தவனின் பெயர் இருக்கும், உதைத்தவனின் பெயர் இருக்கும். உங்கள் பெயர் கடைசியில், அணி விபரத்தில் மட்டும். வருத்தமாக இல்லையா என்றதற்கு, “ஹாஃப்பாக்கின்ர பேர் உள்ளுக்கு வந்தால் ஏதோ பிழை விட்டிருக்கிறான் எண்டு அர்த்தம், பிள்ளை” என்றீர்கள். அப்போது சிரித்தேன். இருபது வருடங்களுக்குப் பிறகு அந்த வாக்கியத்துக்கு இன்னொரு பக்கம் இருப்பது தெரிந்தது. கிரிக்கெட் விளையாடியவனுக்கு ஓட்டக்கணக்கு மிஞ்சும். உங்களுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. படங்களும், அப்பாவின் கிண்ணங்களும், நாட்டின் சின்னம் தைத்த உங்கள் ஜேர்சியும் எண்பத்து மூன்றுக் கலவரத்தில் வீட்டோடு எரிந்துபோயின. வெறுங்கையோடு இங்கே வந்து பிளாஸ்ரிக் மூடி செய்யும் தொழிற்சாலையில் இயந்திரத்தின் முன்னால் நின்றீர்கள்.

அந்தப் பிழை எப்படித் தொடங்கியது என்று எனக்கு நினைவிருக்கிறது. ஸ்காபரோவில் ஒரு கல்யாண மண்டபம். யாரோ ஒருவர் உங்களை இன்னொருவருக்கு அறிமுகப்படுத்தினார்.

“இவர் ஆர் தெரியுமோ? சிலோன் ரீமில விளையாடினவர்.”

“அப்பிடியோ. பற்ஸ்மனோ, போலரோ?”

நீங்கள் சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பை அவர் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார். இரண்டு மாதத்தில் மில்லிக்கனிலிருந்து விட்பி வரைக்கும் நீங்கள் ஆரம்பத் துடுப்பாட்டக்காரராகிவிட்டீர்கள். யாழ்ப்பாணத்துச் சனத்துக்குக் கால்பந்து தெரியும், கிரிக்கெட் தெரியும். நாட்டுக்கு என்றால் அது கிரிக்கெட்தான். வேறொன்று இருக்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

பிறகு இலங்கை உலகக் கிண்ணத்தை வென்ற வருடம். வெல்லட்டும் என்று ஒளித்திருந்து பார்த்தவர்களும், தோற்கட்டும் என்று வெளிப்படையாகப் பார்த்தவர்களும் ஒரே வீட்டில் இருந்தார்கள். இராணுவம் நெருங்க யாழ்ப்பாணத்திலிருந்து சனம் மூட்டை முடிச்சோடு வெளிக்கிட்டு நாலைந்து மாதம் ஆகியிருந்தது. நீங்களும் நானும் சாப்பாட்டுக் கடையில் இடியப்பத்துக்கு வரிசையில் நிற்கிறோம். முன்னால் நின்ற குகன் திரும்பினான். ஊரில் இரண்டு சகோதரங்களைப் பறிகொடுத்தவன். அது எல்லோருக்கும் தெரியும்.

“என்ன அண்ணை, உங்கட ஆக்கள் வெண்டிட்டினம். கேக் வெட்டினனீங்களோ?”

நீங்கள் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த சம்பலைப் பார்த்தீர்கள்.

“எங்கட சனத்தில குண்டு போடுறவங்களுக்கு மட்டை பிடிச்சிட்டு, இஞ்ச வந்து எங்களோட வரிசையில நிக்கிறியள். வெக்கமா இல்லையோ?”

வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நீங்கள், “தம்பி, சம்பலும் சொல்லு. முடியப் போகுது” என்றீர்கள்.

அதே கோடையில் ஊர்ச்சங்கம் ஒன்று கிரிக்கெட் போட்டிக்கு உங்களைப் பிரதம விருந்தினராகக் கூப்பிட்டது. நீங்கள் போனீர்கள். முதற் பந்தை நீங்கள்தான் அடித்துத் தொடக்கி வைக்க வேண்டும் என்றார்கள். பெரியண்ணாவைப் பார்த்து வளர்ந்த எனக்கே நீங்கள் மட்டையைப் பிடித்த விதம் பொறுக்கவில்லை. கூட்டுகிற தும்புத்தடியைப் பிடிக்கிறதுபோலப் பிடித்தீர்கள். மெதுவாகப் போட்ட பந்து உங்களைத் தாண்டிப் போய்விட்டது. “அண்ணைக்கு வயசு போட்டுது” என்று ஒருவர் ஒலிவாங்கியில் சொன்னார். கைதட்டினார்கள். மாலை போட்டார்கள்.

திரும்பும்போது ஸ்ரீல்ஸ் வீதியில் காரை ஓட்டிக்கொண்டே சொன்னேன். “பொய் சொல்லி மேடையில ஏறினனீங்கள்.”

“நான் எங்க சொன்னனான்? நான் வாயே திறக்கேல்லை.”

“அதுதான் பொய்.”

இரண்டு விளக்குச் சந்தி தாண்டியதும், “டமி எண்டு ஒண்டு இருக்கு, தெரியுமோ?” என்றீர்கள். “குடுக்கிற மாதிரிக் கையைக் காட்டுவன். மறிக்க வந்தவன் மற்றப் பக்கம் ஓடிப்போய் மற்றவனை விழுத்துவான். பந்து என்னட்டை இருக்கும்.”

“அதுக்கும் இதுக்கும் என்ன?”

“குகன் கடையில ஏசினது ஆரை? ஒரு கிரிக்கெட்காரனை. அப்பிடி ஒருத்தன் இல்லை. எனக்கு ஏன் நோகப்போகுது? ஏசட்டும். அவன்ர பக்கத்தில ஞாயம் இருக்கு.” மாலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டீர்கள். “மற்றதை நான் ஆருக்கும் ஏசக் குடுக்க மாட்டன். அது ஒண்டுதான் பிள்ளை எரியாமல் வந்தது.”

இப்போது தெரிகிறதா, இந்தச் சிவப்புப் பேனா ஏன் மேசையிலேயே கிடக்கிறதென்று. துடுப்பாட்டம் என்பதை அடித்து றக்பி என்று எழுதினால் உண்மை கல்வெட்டில் ஏறும். அதோடு நீங்கள் ஒளித்துக் காத்ததும் கடை வரிசைக்கு வரும். எழுதாமல் விட்டால், இல்லாத ஒருவனுக்குத்தான் நாங்கள் முப்பத்தோராம் நாள் செய்கிறோம்.

இதோடு முடிந்திருந்தால் மச்சாள் சொன்னபடி விட்டிருப்பேன். ஆனால் ஆஸ்பத்திரி இருக்கிறதே. ஈரலில் கட்டி என்று தெரிந்து, இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று வைத்தியர் சொன்ன பிறகு, பின்னேரங்களில் வந்து உங்கள் கட்டிலருகே இருப்பேன். பக்கத்துக் கட்டிலில் வேல்ஸ் நாட்டுக் கிழவர் ஒருவர். ஒருநாள் அவருடைய முகம் துடைக்கும் துவாய் உங்கள் கட்டிலின் கீழே விழுந்து கிடந்தது. நான் எடுக்கக் குனியமுன்னர் நீங்கள் கட்டிலிலிருந்தே கையைத் தொங்கவிட்டு, அதைச் சுருட்டி எடுத்து, மணிக்கட்டை மட்டும் ஒரு திருப்புத் திருப்பினீர்கள். துவாய் சுழன்றுகொண்டு போய் அவருடைய நெஞ்சில் இறங்கியது. கிழவர் அதைப் பிடித்துக்கொண்டு உங்களையே பார்த்தார்.

“ஒன்பதா?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

“ஒன்பது” என்றீர்கள்.

அந்த இலக்கம் ஹாஃப்பாக்கின் முதுகில் எழுதுவது என்று எனக்கு அப்போதுதான் தெரியும். யாருக்காக என்று கேட்டார். நாட்டின் பெயரைச் சொன்னீர்கள். அவர் அந்த நாட்டைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. மழையில் பந்து எப்படி வழுக்கும் என்று கேட்டார். சாப்பாட்டுத் தட்டு வந்து ஆறிப்போகும்வரை இருவரும் கதைத்தீர்கள். பதினைந்து வருடங்களாக ஓம், இல்லை என்று இரண்டு சொல்லில் காலம் தள்ளிய என் அண்ணன் கைகளை ஆட்டி ஆட்டிக் கதைப்பதைப் பார்த்துக்கொண்டு நான் ஒரு பக்கமாக இருந்தேன். கிழவர் நித்திரையானதும் என் பக்கம் திரும்பி, “இத்தனை வருசத்தில எங்கட ஆக்கள் ஒருத்தரும் கேக்கேல்லைப் பார், என்ன விளையாட்டு எண்டு” என்றீர்கள். குறையாகச் சொல்லவில்லை. ஒரு விபரமாகத்தான் சொன்னீர்கள். நான் உங்கள் தலையணையைச் சரிசெய்தேன்.

கல்வெட்டுக்குப் பாட்டு எழுதிய மாஸ்ரரிடம் நேற்றுத் தொலைபேசியில் பேசினேன். ஊரில் தமிழ் படிப்பித்தவர். இங்கே யார் செத்தாலும் அவருடைய வெண்பாதான். உங்களுக்கு எழுதியது இது:

மட்டை பிடித்து மறவரில் மேலானாய்
விட்டெம்மைப் போயினாய் விண்.

“மாஸ்ரர், அவர் கிரிக்கெட் விளையாடேல்லை. றக்பி.”

“அதென்ன பிள்ளை அது?”

“அதுவும் ஒரு பந்து விளையாட்டு. மட்டை இல்லை.”

“உது வெண்பாவுக்குள்ள நிக்காது.”

“ஏன் நிக்காது? மட்டையும் தேமா, றக்பியும் தேமா.”

விரல்விட்டுப் பார்த்திருப்பார். “தேமாதான். ஆனால் றகரம் மொழிக்கு முதல்ல வராது, பிள்ளை.”

“சின்ன ர போடுங்கோவன்.”

“அதுவும் வராது. முன்னுக்கு ஒரு இகரம் போடவேணும். இறக்பி எண்டு. செத்தவீட்டுப் புத்தகத்தில இற எண்டு தொடங்கினால் நல்லாவோ இருக்கும்?”

சிரித்துவிட்டேன், சின்னண்ணா. நீங்கள் போன பிறகு முதல் தடவை. உடனே கண் நிறைந்துவிட்டது. தொலைபேசியில் என்றபடியால் அவருக்குத் தெரியாது. “மட்டை பிடித்ததை எடுத்திட்டுக் கொட்டிக் கொடுத்து எண்டு வைக்கிறன். கை எண்டால் கொடை, அது எல்லாருக்கும் பொருந்தும்” என்றார். சரி என்றேன். அள்ளிக் கொடுத்துக்கொண்டே இருந்தவரைப் பற்றி அவர் அறியாமலே சரியாக எழுதப்போகிறார் என்று நான் சொல்லவில்லை.

இனி அட்டை. துடுப்பாட்ட வீரரை இப்போதுதான் அடித்தேன். அந்த இடத்தில் விளையாட்டின் பெயரைப் போடவில்லை. ‘தரையிலிருந்து பந்தை எடுத்து மற்றவருக்குக் கொடுக்கும் இடத்தில் தன் நாட்டுக்காக விளையாடியவர்’ என்று எழுதியிருக்கிறேன். என்ன விளையாட்டு என்று தெரியவேண்டியவர்கள் கேட்கட்டும். கேட்காதவர்களுக்கு ஏசவும் ஒன்றும் இல்லை.

இவ்வளவும் எழுதி மடித்து வைத்திருந்தேன். முப்பத்தோராம் நாள் முடிந்த பிறகு மிச்சத்தை எழுதுகிறேன்.

வீட்டில் நூறு பேருக்கு மேல் வந்துபோனார்கள். நிலக்கீழ் அறையில் பாய் விரித்துச் சாப்பாடு கொடுத்தோம். படிக்கட்டடியில் நான் கல்வெட்டைக் கொடுத்துக்கொண்டு நின்றேன். வாங்கினார்கள், படத்தைப் பார்த்தார்கள், “நல்ல மனுசன்” என்றார்கள், மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்தார்கள். சிலர் அட்டையிலிருந்த வரியை வாசித்தார்கள். ஒருவரும் கேட்கவில்லை. மச்சாள் ஒவ்வொரு தடவையும் என் முகத்தைப் பார்த்தார்.

கடைசியாக வெளிக்கிட்டவர்களில் குகனும் ஒருவன். சப்பாத்தைப் போட்டுக்கொண்டே அந்த வரியை இரண்டு தரம் வாசித்தான். பிறகு பக்கத்தில் நின்றவரிடம், “ஓ, அண்ணை விக்கெற் கீப்பராய் இருந்திருக்கிறார். பற்ஸ்மன் எண்டெல்லோ நினைச்சனாங்கள்” என்றான்.

மற்றவர் தலையாட்டினார். உங்கள் டமிக்கு இன்னும் ஆட்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். விட்டிருக்கலாம்.

“விக்கெற் கீப்பர் இல்லை” என்றேன்.

குகன் நிமிர்ந்து பார்த்தான். “அப்ப?”

ஒரு சொல்தான். ஆனால் கேள்வி. அதையும் கேட்டது இவன். வேறு யாராவது கேட்டிருக்கக் கூடாதா என்று நினைத்தேன். கடை வரிசையும் உங்கள் மடியிலிருந்த மாலையும் நினைவுக்கு வந்தன. ஏசுவான் என்றால் இனி நீங்கள் இல்லை, நான்தான் வாங்க வேண்டும். அவன் சப்பாத்துக் கயிற்றைக் கட்டாமல் காத்துக்கொண்டு நின்றான்.

வாயால் சொல்லத் தொடங்கினேன். எட்டுப் பேர் இந்தப் பக்கம், எட்டுப் பேர் அந்தப் பக்கம் என்றேன். மண்ணைப் பற்றியும் மழையைப் பற்றியும் சொன்னேன். அவனுக்கு விளங்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது. வெளிக்கிடுகிறவர்களுக்குக் கொடுக்க அலுமினியத் தாளில் சுற்றிய வடைப் பொதிகள் படியில் கிடந்தன. ஐம்பதை எட்டும் வயதில், சேலையை ஒரு கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டு, மிச்சம் நின்றவர்களுக்கு முன்னால் நான் குனிந்தேன். ஒரு பொதியை அள்ளி, நிமிராமலே பக்கவாட்டில் அவனுக்கு எறிந்தேன். சுழலவில்லை. வளைந்து வளைந்துதான் போனது. என்றாலும் அவன் பிடித்துவிட்டான். பிடித்ததை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, ஒரு கால் சப்பாத்தோடு நின்றான்.

“இப்ப நான் என்ன செய்யவேணும், அக்கா?”

“ஓடவேணும்.”

சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. “அப்ப அண்ணை?” என்று கேட்டான்.

“அவர் கீழ கிடப்பார். அவருக்கு மேல ஒருத்தன் விழுந்து கிடப்பான்.”

குகன் கையிலிருந்த பொதியைப் பார்த்தான். எந்த நாட்டுக்கு என்று கேட்கவில்லை. சப்பாத்தைக் கட்டினான், “அண்ணைக்கு அண்டைக்குக் கடையில நான் கொஞ்சம் கூடுதலாக் கதைச்சிட்டன்” என்று தரையைப் பார்த்துச் சொன்னான், போய்விட்டான்.

முதுகு இரண்டு நாளாக நோகிறது. மச்சாள் தைலம் போட்டுவிட்டுத் திட்டினார். உங்கள் ஆட்டங்களை நான் பார்க்காமல் விட்டதற்கு இனி ஒன்றும் செய்ய முடியாது. என்ன நடந்ததென்று சொல்ல என்னிடம் ஆதாரமும் இல்லை. ஒன்று மட்டும் புதிதாக அறிந்திருக்கிறேன். எறிந்த பிறகு கை ஒரு கணம் விரிந்தபடியே நிற்கிறது. பொருள் போய்விட்டது, பாரம் போகவில்லை. பந்து போன திசையையே பார்த்துக்கொண்டு கை அப்படியே நிற்கிறது. பேருந்துக்குக் காத்து நிற்கும்போதும், ஆய்வுகூடத்தில் குழாயைத் திருகிவிட்டு நிற்கும்போதும் இப்போது அந்த விரிந்த கை எனக்கு வருகிறது. கையுறையைப் போட்டு மூடிக்கொள்கிறேன்.

உங்கள்
தங்கை